படகின் உள்ளிருந்து கடலடியை அளத்தல்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 78 கிலோமீட்டர் நீளமுடையது. பொழியூர், பூவாறு, விழிஞம், பூந்துறை, வலியதுறை, வெட்டுக்காடு, தும்பா, புதுக்குறிச்சி, அஞ்சுதெங்கு என மீனவர் ஊர்கள் இக்கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. விழிஞத்தில் படகுகள் ஒதுங்கத் துறைமுகம் உண்டு. முதலப்பொழியில் நீர்நிலையின் முகத்தை ஒட்டிய துறை ஒன்று உண்டு. ஏனைய பல ஊர்களில் திறந்த மணற்கரையே துறைமுகம். விடியுமுன் படகைத் தோள்கொடுத்து அலைக்குள் தள்ளுவர். மீன்பிடித்துத் திரும்புகையில் ஓர் அலையின் முதுகில் ஏறிவந்து கரையில் மோதி நிற்பர். பின்னர் பலர் கூடிப் படகை மணல்மீது இழுத்து மேலேற்றுவர். ஆகவே படகின் அடிப்புறம் கடலுக்குப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் மணலில் உராய்கிறது.

இத்தகைய படகின் அடியில் ஒரு விரற்கடை அளவு துருத்திக்கொண்டிருக்கும் எப்பொருளும் நிலைத்திருக்க இயலாது. முதல் நாள் தப்பினால் மறுநாள் பெயர்ந்துவிடும். ஆயினும் கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் மீனறி கருவியின் முக்கிய உறுப்போ நீரோடு நீராக, படகின் அடியிலேயே இருக்க வேண்டியது. பெரிய கப்பல்களில் இது ஒரு பிரச்சினையே அன்று. கப்பலின் அடித்தகட்டில் துளையிட்டு அதனைப் பொருத்திவிடுவர். கப்பல் மணலில் ஏறுவதில்லை. துறைமுகத்திலேயே நிற்கும் சிறு விசைப்படகுகளில் பின்புறப் பலகையில் வெளியே மாட்டிவைக்கலாம். மணலில் ஏறும் படகுக்கு இவ்விரண்டும் உதவா. படகின் உட்புறத்தில், அடித்தட்டின் மேலேயே அவ்வுறுப்பை வைத்து, தட்டின் ஊடாகவே ஒலியைச் செலுத்திப் பெற முடியுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

முடியும் என்பதே விடை. மேலைநாடுகளில் பிளாஸ்டிக் கயாக்குகளில் அமர்ந்து தூண்டில் போடுவோர் இம்முறையை வழக்கமாகக் கையாள்கின்றனர். கயாக்கும் மணலில் இழுக்கப்படுவதுதான். ஆனால் எந்தப் படகிலும் முடியுமா என்றால், இல்லை. அதனைத் தீர்மானிப்பது படகு எப்பொருளால் ஆனது என்பதும், இடையில் காற்று இருக்கிறதா என்பதும் ஆகும்.

ஒலியால் அளக்கும் முறை வந்த வழி

ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கைவிரித்த அகலத்தால் கயிற்றை அளந்து, இத்தனை பாகம் ஆழம் என்று சொல்வதே உலகெங்கும் மாலுமிகளின் பழைய வழக்கம். நீரினுள் ஒலி செல்லும் வேகத்தை 1826-இல் கொலாடன், ஸ்டர்ம் என்னும் இருவர் ஜெனீவா ஏரியில் மணியொன்றை நீருக்கடியில் ஒலிக்கச் செய்து அளந்தனர். வினாடிக்கு 1435 மீட்டர் என்று கண்டனர். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் இது நான்கு மடங்குக்கும் மேலாகும். எனினும் இவ்வறிவு பயனுக்கு வர ஒரு பெரும் விபத்து வேண்டியிருந்தது. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கிய பின்னரே நீருக்கடியிலுள்ள பொருள்களை எதிரொலியால் கண்டறியும் முயற்சிகள் விரைந்தன. ஜெர்மனியில் அலெக்சாண்டர் பேம் 1913-இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் பெசண்டன் 1914-இல் பனிமலையொன்றிலிருந்து எதிரொலியைப் பெற்றுக் காட்டினார். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு விஞ்ஞானி லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தை அதிரச் செய்து, செவிக்குப் புலப்படாத நுண்ணொலியை நீரில் செலுத்தினார். இப்படிகங்களுக்கு மின்விசையைச் செலுத்தினால் அவை சுருங்கி விரியும். அவற்றை அழுத்தினால் மின்விசை பிறக்கும். அழுத்தினால் மின்விசை பிறக்கும் பண்பை பியரி கியூரியும் அவருடைய தமையனார் ஜாக் கியூரியும் 1880-இலேயே கண்டிருந்தனர்.

ஆழம் அளக்க எழுந்த இக்கருவியில் மீன்களும் தென்பட்டது பின்னர் நிகழ்ந்தது. ஜப்பானில் கிமுரா 1929-இல் மீன் வளர்ப்புக் குளமொன்றில் இதனைப் பரிசோதித்தார். நார்வே நாட்டு ஆஸ்கர் சுண்ட், லொபோட்டன் பகுதியில் காட் மீன்களின் எதிரொலிப் பதிவை 1935-இல் வெளியிட்டார். 1948-இல் நாகசாகியில் புருனோ சகோதரர்கள் மீனவர்களுக்கென்றே ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். கடலில் எழும் நீர்க்குமிழிகளைக் கொண்டு மீன் இருக்குமிடத்தை அறியலாம் என்று மீனவர் ஒருவர் சொன்னதிலிருந்தே அவர்களுக்கு இந்த எண்ணம் உதித்ததாகக் கூறுவர்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கொல்லத்தை அடுத்த நீண்டகரை–சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ–நார்வே திட்டம் 1953-இல் தன் பணியைத் தொடங்கியது. எதிரொலியால் ஹெர்ரிங் மீனைத் தேடிப் பழகிய நாட்டிலிருந்து வந்தோர் அக்கலையையும் உடன் கொணர்ந்தனர். பின்னர் 1971-இல் கொச்சியில் தொடங்கிய மேல்மட்ட மீன்வளத் திட்டத்தின் ‘ராஸ்டிரெலிகர்’, ‘சார்டினெல்லா’ என்னும் ஆராய்ச்சிக் கப்பல்கள் தென்மேற்குக் கரை நெடுகிலும் எதிரொலியால் மீன்வளத்தைக் கணித்தன. நெத்திலி மீன் இக்கடலில் மிகுதியாக உண்டு என்பதும், தென்மேற்குப் பருவக்காற்றின்போது அது தெற்கு நோக்கிச் சென்று குமரிமுனைப் பக்கம் கூடுகிறது என்பதும் இவ்வாய்வில் புலனாயின. ஆனால் இவையெல்லாம் கப்பல்களின் கதை. அலைகடந்து செல்லும் சிறுபடகுக்கு எதிரொலி வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

கருவி செய்யும் வேலை

மீனறி கருவியில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று திரையுள்ள பெட்டி. மற்றொன்று ஒலிமாற்றி, கடைகளில் டிரான்ஸ்டியூசர் என்றால்தான் தருவார்கள். அதனுள்ளே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள பீங்கான் வில்லை ஒன்று இருக்கிறது. குவார்ட்ஸின் இடத்தை இன்று பிடித்திருப்பது இவ்வில்லைதான். இதற்கு மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்தால் அது வினாடிக்கு 2 லட்சம் முறை அதிர்ந்து, நுண்ணொலித் துணுக்கொன்றை அடிநோக்கிச் செலுத்தும். அத்துணுக்கு கடலடியில் மோதித் திரும்பி வந்து அதே வில்லையை அழுத்தும்போது சிறு மின்விசை பிறக்கும். போய்வந்த நேரத்தைக் கொண்டு ஆழம் கணிக்கப்படுகிறது. 40 மீட்டர் ஆழமாயின் ஒலி 80 மீட்டர் செல்ல வேண்டும்; அதற்கு ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கே ஆகும்.

இங்கு ஒரு சிறு நுட்பம் உண்டு. பல கருவிகள் கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1500 மீட்டர் என்று கொண்டு கணக்கிடுகின்றன. கேரளக் கடலின் மேல்நீர் 28 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது உண்மையான வேகம் 1540 மீட்டரை எட்டும். ஆகவே 40 மீட்டர் ஆழம் திரையில் 39 மீட்டராகத் தோன்றும். பிழை சிறிதே. அதுவும் ஆழத்தைக் குறைத்துக் காட்டும் பிழையாதலால் படகோட்டிக்கு ஆபத்தில்லை.

ஒலி கூம்பு வடிவில் பரவிச் செல்கிறது. 20 டிகிரி விரிவுள்ள கூம்பு 30 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய பத்தரை மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தை ஒரே சமயத்தில் காண்கிறது. மீன் ஒன்று அக்கூம்பின் ஓரத்தில் நுழையும்போது சற்றுத் தொலைவிலும், நடுவில் வரும்போது அண்மையிலும், வெளியேறும்போது மீண்டும் தொலைவிலும் இருப்பதால் அதன் உருவம் திரையில் வில்லைப்போல் வளைந்து தோன்றுகிறது. வில்லைக் கண்டு மீனின் முதுகு என்று மயங்குவோர் உண்டு. அது மீனின் வடிவம் அன்று. படகும் மீனும் ஒன்றையொன்று கடந்து சென்றதன் பதிவே.

காற்றே தடை

ஒலி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது எவ்வளவு உட்புகும், எவ்வளவு திரும்பும் என்பது இரண்டின் ஒலித்தடை அளவைப் பொறுத்தது. அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் பெருக்கினால் இவ்வளவு கிடைக்கும். நீரின் அளவை 1.5 என்று கொண்டால், பாலிதீனுக்கு அது ஏறத்தாழ 2, கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த பைபர் தட்டுக்கு ஏறத்தாழ 5, அலுமினியத்துக்கு 17, எஃகுக்கு 46. காற்றுக்கோ 0.0004 மட்டுமே.

இவ்வெண்களில்தான் முழு விஷயமும் அடங்கியுள்ளது. நீரிலிருந்து பாலிதீனுக்குள் நூற்றுக்கு 98 பங்கு ஒலி புகுந்துவிடும். கயாக்கு ஓட்டுவோர் எளிதில் வெற்றி பெறுவதன் காரணம் இதுவே. பைபர் தட்டுக்குள் ஏறத்தாழ 70 பங்கு புகும். தட்டின் கனத்துக்கேற்ப இது கூடியும் குறைந்தும் வரலாம். ஆனால் நீருக்கும் காற்றுக்கும் இடையில் ஆயிரத்தில் ஒரு பங்கே கடக்கும். எஞ்சிய அனைத்தும் திரும்பிவிடும். வில்லைக்கும் படகின் தட்டுக்கும் நடுவே தாள் கனத்துக்குக் காற்றுப் படலம் இருந்தாலே போதும், கருவி குருடாகிவிடும். ஒரு சுவரைப் பிளந்து செல்லும் ஒலி, சுவருக்கு முன்னால் இருக்கும் ஒன்றுமில்லாத இடத்தில் நின்றுவிடுகிறது என்பது முதலில் கேட்போர்க்கு வியப்பாகவே இருக்கும்.

தட்டின் ஊடே செல்வதால் ஏற்படும் இழப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒலி போகும்போது 70 பங்கும், வரும்போது அதில் 70 பங்கும் என்றால் முடிவில் எஞ்சுவது ஏறத்தாழ பாதி. தனி மீனிலிருந்து வரும் எதிரொலியின் வலிமை தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைவது. எனவே ஆற்றல் பாதியானாலும், 60 மீட்டர் ஆழத்தில் தெரிந்த மீன் 50 மீட்டர் ஆழம் வரை தெரியும். நூற்றில் ஒரு பங்கே எஞ்சும் நிலையில்தான் அது 19 மீட்டராகச் சுருங்கும். மரத்தில் ஏறத்தாழ அத்தகைய நிலைதான் ஏற்படுகிறது.

கட்டுமரம், ஒட்டுப்பலகை, பைபர்

கட்டுமரம் இக்கரையின் பழைய கலம். எடை குறைந்த மரத்தடிகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்குவர்; கரைக்கு வந்ததும் அவிழ்த்து வெயிலில் உலர்த்துவர். உலக மொழிகள் பலவற்றில் புகுந்துவிட்ட தமிழ்ச் சொற்களுள் இதுவும் ஒன்று. கட்டுமரத்துக்கு உட்புறம் என்பதே இல்லை. அலை மேலேறி வழிந்தோடும் அக்கலத்தில் எதிரொலி வேண்டுமாயின், கழியொன்றின் நுனியில் ஒலிமாற்றியைக் கட்டிப் பக்கவாட்டில் இறக்கி, அலையை நெருங்குமுன் தூக்கிவிட வேண்டும்.

1980-களில் இக்கரையிலும் அண்டையிலுள்ள குமரி மாவட்டக் கரையிலும் பெருமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. பெரிய மரங்கள் அருகிவிட்ட காலத்தில், ஒட்டுப்பலகையால் சிறுபடகு கட்டும் முறை முட்டம் முதலிய ஊர்களில் உருவாயிற்று. பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் கில்லே இம்முயற்சியில் முக்கியப் பங்கு கொண்டார். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இப்படகுகளைப் பரப்பியது. பிற்காலத்தில் ஜி.பி.எஸ்., எதிரொலி ஆழமானி ஆகியவற்றைச் சிறு மீனவர்களிடம் கொண்டு சேர்த்ததிலும் இக்கூட்டமைப்புக்குப் பங்குண்டு. வெளிப்பொருத்து எந்திரமும் அதே காலத்தில் பெருகவே, பாய்க்கும் துடுப்புக்கும் எட்டாத தூரங்கள் எட்டின.

ஒட்டுப்பலகைப் படகின்மேல் பைபர் உறை பூசப்பட்டிருக்கும். பார்வைக்கு அது முழு பைபர் படகே. ஏமாற்றம் இங்கேதான் நேர்கிறது. மரம் என்பது நுண்ணிய குழல்களின் தொகுதி. குழல்களினுள் இருப்பது காற்று. உறைக்கும் உறைக்கும் நடுவே அப்பலகை இருக்கும்வரை நுண்ணொலி அதனுள்ளே சிதறி மடிந்துவிடும். இவ்வகைப் படகில் உட்பொருத்தம் வேண்டுமாயின், அவ்விடத்துப் பலகையை மட்டும் வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு, வெற்றிடத்தைத் திண்ணிய பைபர் அடுக்குகளால் நிரப்ப வேண்டும். படகு கட்டும் தச்சர் செய்ய வேண்டிய வேலை அது. கட்டி முடித்த படகில் கண்டவர் கைவைத்தால் நீர்க்கசிவே மிஞ்சும்.

இன்று மிகுந்து காணப்படும் முழு பைபர் படகு இம்முறைக்கு இசைந்தது. எனினும் ஓர் எச்சரிக்கை. கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்கும் பொருட்டுப் படகின் சில அறைகளில் நுரைப் பொருளை அடைத்து மூடியிருப்பர். நுரை என்பதும் காற்றே. உயிர்காக்கும் அந்த நுரையைத் தோண்டியெடுத்துக் கருவிக்கு இடம் தேடுதல் கூடாது. நுரையில்லாத, தட்டு ஒற்றையாக உள்ள இடத்தைத்தான் தேட வேண்டும்.

பொருத்தும் முறை

முதலில் இடம். படகு ஓடும்போதும் எப்பொழுதும் நீரில் அமிழ்ந்திருக்கும் பகுதியாக அது இருக்க வேண்டும். படகின் முன்பகுதி அலையில் எழும்பிக் காற்றை அடியில் இழுப்பதால் ஆகாது. எந்திரச் சுழலியின் அருகும் ஆகாது; அங்கு நீர் முழுவதும் குமிழிகள். நடுவுக்குச் சற்றுப் பின்னால், அடித்தட்டு ஏறக்குறைய மட்டமாக உள்ள இடம் நன்று. கயாக்கில் இருக்கைக்கு அடியிலோ சற்றுப் பின்னாலோ இவ்விடம் அமையும். வில்லை நேர் கீழாக நோக்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஆழம் கூடுதலாகத் தோன்றுவதோடு, படகின் பக்கவாட்டில் உள்ள மீன் அடியில் இருப்பதாகவும் தோன்றும்.

இடத்தை உறுதி செய்யாமல் பிசினை ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. பிசின் இறுகிய பின் ஒலிமாற்றியைப் பெயர்த்தெடுத்தால் அது உடைவது உறுதி. சோதனைக்கு எளிய வழி உண்டு. மெல்லிய பாலிதீன் பையில் நீரை நிரப்பி, அதனுள் ஒலிமாற்றியை வைத்து, காற்றை வெளியேற்றிக் கட்ட வேண்டும். தட்டின் உட்புறத்தைச் சிறிது நனைத்து, பையை அதன்மேல் அழுத்திப் பிடித்து ஆழத்தைப் பார்க்க வேண்டும். பின்னர் ஒலிமாற்றியை வெளியே நீரில் தொங்கவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். இரு காட்சிகளும் ஏறத்தாழ ஒத்திருந்தால் இடம் சரி. உள்ளே வைத்தபோது எண் நடுங்கினாலோ மறைந்தாலோ, தட்டுக்குள் காற்றறையோ நுரையோ உண்டென்று பொருள். இச்சோதனையை முழங்கால் ஆழத்தில் செய்து திருப்தியடைதல் கூடாது. ஆழமில்லாத இடத்தில் மோசமான பொருத்தமும் நன்றாகவே தோன்றும். இருபது மீட்டருக்கு அப்பால்தான் குறை வெளிப்படும்.

பைபர் படகில் எபாக்சிப் பிசினால் ஒட்டுவது நிலையானது. தட்டின் மேலுள்ள வண்ணப்பூச்சையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கி, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பிசினைக் கலக்கும்போது வேகமாகக் கிளறினால் குமிழிகள் புகுந்துவிடும். மெல்லக் கலந்து சிறிது நேரம் வைத்திருந்து ஊற்ற வேண்டும். ஒலிமாற்றியைச் சாய்வாக இறக்கி, அழுத்தித் திருகி, அடியிலுள்ள காற்று ஓரமாக வெளியேறும்படி செய்ய வேண்டும்.

கயாக்கின் பாலிதீன்மீது எபாக்சி பிடிக்காது. ஒலிக்கு மிக இணக்கமான இப்பொருள் பசைக்கு இணங்குவதில்லை. ஆதலின் அங்குத் தொட்டி முறையே சிறந்தது. பி.வி.சி. குழாயில் ஒரு துண்டையோ, நடுவில் துளையிட்ட கடினமான ரப்பர் அட்டையையோ தட்டின்மேல் கசியாதபடி பதித்து, உள்ளே ஒலிமாற்றியை வைத்து, அது மூழ்கும் வரை நீரை ஊற்றிவிட்டால் போதும். நீர் சிந்தும், வெயிலில் வற்றும் என்போர் ஆமணக்கெண்ணெயை ஊற்றலாம். ஆமணக்கெண்ணெயின் ஒலித்தடை நீரினுடையதற்கு மிக நெருங்கியதாகும். கப்பற்படையின் நீர்மூழ்கி ஒலிக்கருவிகளிலேயே நெடுங்காலமாக இவ்வெண்ணெய் நிரப்பப்பட்டு வந்திருக்கிறது. வீட்டு அலமாரியிலுள்ள புட்டிக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருப்பதைப் பலர் அறியார்.

இம்முறையில் இழப்பவையும் உண்டு. பல ஒலிமாற்றிகளில் நீரின் வெப்பத்தை அளக்கும் உறுப்பும் சேர்ந்திருக்கும். படகின் உள்ளே அது அளப்பது தட்டின் வெப்பத்தைத்தான். கடலின் வெப்பத்தை அன்று. கடலடியைப் படம்போலக் காட்டும் புதுவகைக் கருவிகள் வினாடிக்கு 4 லட்சம் முதல் 8 லட்சம் அதிர்வுகளும் அதற்கு மேலும் பயன்படுத்துபவை. அவ்வளவு நுண்ணிய அலை தட்டைக் கடக்கையில் பெரிதும் கெட்டுவிடும். அவற்றை வாங்கி உள்ளே வைப்பது பணத்தை வீணாக்குவதாகும். வினாடிக்கு 50 ஆயிரம் அல்லது 2 லட்சம் அதிர்வுகளில் இயங்கும் சாதாரணக் கருவியே இங்கு ஏற்றது, விலையும் குறைவு.

திரையில் தெரிவதும் தெரியாததும்

காற்றுத்தான் ஒலியைத் திருப்புகிறது என்னும் அதே நியதியே மீனையும் காட்டிக்கொடுக்கிறது. மீனின் தசை ஏறக்குறைய நீரைப் போன்றதே. அதிலிருந்து வரும் எதிரொலி மிகக் குறைவு. மிதப்பதற்காக மீன் தன் வயிற்றில் சுமக்கும் காற்றுப்பையிலிருந்துதான் எதிரொலியின் பெரும்பங்கு வருகிறது. களவா, சாளை, நெத்திலி போன்றவை இப்பையை உடையவை. சூரைக்கு இப்பை இல்லை. விழிஞத்துச் சந்தையில் குவியும் சூரை, கருவியின் திரையில் மங்கலாகவே தென்படும். கணவாயிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஓட்டுக்கணவாயின் முதுகோட்டினுள் வாயு நிறைந்த அறைகள் இருப்பதால் அது எதிரொலி தரும். ஊசிக்கணவாய் தருவது மிகக் குறைவு. ஆகவே திரை வெறுமையாக இருப்பதால் கடலும் வெறுமையாக இருக்கிறது என்று முடிவு செய்வது பிழை.

கடலடியின் தன்மையும் புலப்படும். பாறையானால் கோடு அழுத்தமாக விழுவதோடு, ஒலி கடலடிக்கும் கடல் மேற்பரப்புக்கும் இடையே இரண்டாம் முறை போய்வந்து, இருமடங்கு ஆழத்தில் மற்றொரு கோட்டையும் வரையும். சேறானால் கோடு பரந்து மங்கும். இரண்டாம் கோடு தோன்றாது. தூண்டில்காரனுக்கு மீனைக் காட்டிலும் இந்த இரண்டாம் கோடே பயன் மிகுந்தது. மீன் நகர்ந்துவிடும், பாறை நகராது.

கருவி முற்றிலும் பயன்படாத இடம் ஒன்று உண்டு. கரையை ஒட்டி உடையும் அலையின் நுரையில் அது ஒன்றையும் காணாது; குமிழிகள் ஒலியை விழுங்கிவிடும். படகுகள் கவிழ்வதும் உயிர்கள் போவதும் பெரும்பாலும் அந்த இடத்திலேதான். மணல் சேர்ந்து மேடிடும் முதலப்பொழியின் முகத்தில் பல மீனவர் உயிரிழந்துள்ளனர். அங்கே அலை அமைதியாக உள்ள வேளையில் ஆழத்தைக் கருவி காட்டும். அலை உடையும் வேளையில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அலையைப் பார்க்கத் தவறுவான். அக்கணத்தில் கண்ணும் சுக்கானும் தவிர வேறு துணை இல்லை.

கணிச்சம்

இக்கரை மீனவர்களிடம் எதிரொலிக்கு முற்பட்ட ஒரு கலை உண்டு. அதற்குக் கணிச்சம் என்று பெயர். கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளைப் பார் என்பர். தூத்துக்குடியின் முத்துப் பார் என்னும் வழக்கில் உள்ளதும் இச்சொல்லே. பார் இருக்குமிடத்தில் கடலின் மேற்பரப்பில் எந்த அடையாளமும் இல்லை. ஆகவே கரையில் அடையாளம் வைப்பர். சகியமலையின் ஒரு சிகரமும் கரையோரத்துக் கோயிலோ தேவாலயக் கோபுரமோ ஒரே நேர்க்கோட்டில் அமையுமாறு படகைச் செலுத்துவர். வேறொரு திசையில் மற்றோர் இணை அடையாளங்களும் நேர்க்கோட்டில் வந்தவுடன் நிறுத்துவர். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே பார். நில அளவைத் துறையினர் தொலைநோக்கியும் கோணமானியும் கொண்டு செய்வதை இவர்கள் வெறுங்கண்ணால் செய்கின்றனர். அங்கு ஈயக் குண்டை இறக்கி இத்தனை பாகம் என்று உறுதி செய்துகொள்வர். தந்தை மகனுக்குக் கற்பிப்பது இது, எல்லோருக்கும் சொல்வதில்லை. இப்பாறைத் திட்டுகள் பலவற்றை, மீனவர் அறிவைத் துணையாகக் கொண்டும் நீரில் மூழ்கிப் பார்த்தும், திருவனந்தபுரத்து ராபர்ட் பனிப்பிள்ளை ஆவணப்படுத்தியுள்ளார். பார் குறைந்த இடங்களில் மீனவர்களே கற்களையும் பிறவற்றையும் கடலில் இறக்கிச் செயற்கைப் பார் அமைத்ததும் இக்கரையில் உண்டு.

ஜி.பி.எஸ். கருவியும் மீனறி கருவியும் சேர்ந்து இக்கலையின் அடிப்படையை அசைத்துவிட்டன. பாரைத் திரையில் கண்டு, அவ்விடத்தின் எண்ணைச் சேமித்துக்கொண்டால், மலையும் கோபுரமும் வேண்டியதில்லை. கரை கண்ணுக்கு மறையும் தொலைவிலும், மூடுபனியிலும், இரவிலும் அந்த எண் பயன்படும், கணிச்சம் பயன்படாது. ஆயினும் எண்ணை வாங்கியவன் பாரை அறிந்தவன் ஆகான். எப்பருவத்தில் எந்தப் பாரில் எந்த மீன் நிற்கும், நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும் என்பவை அந்த எண்ணில் இல்லை. உப்புநீர் பட்டு மின்கலத்தின் முனைகள் அரித்துப்போன நாளில் எண்ணும் இல்லை. கரையில் உயரமான கட்டடங்கள் எழுந்து பழைய அடையாளங்களை மறைத்துவருவதால் கணிச்சமும் முன்போல் எளிதன்று. இளையோர் பலர் அதனைக் கற்கவில்லை.

எனினும் புதிதாகக் கருவி பொருத்துவோருக்குக் கணிச்சம் அறிந்த முதியவர் ஒருவர் படகில் இருப்பது நல்லது. பிசின் ஊற்றுமுன் செய்யவேண்டிய கடைசிச் சோதனைக்கு அவர் தேவைப்படுவார். நீர்ப்பையில் ஒலிமாற்றியை வைத்தபடியே படகை ஆழம் தெரிந்த ஒரு பாருக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவர் மலையையும் கோபுரத்தையும் பார்த்து இதோ பார் தொடங்குகிறது என்று சொல்லும் கணத்தில் திரையின் கோடு மேலெழ வேண்டும். இரண்டாம் கோடும் தோன்ற வேண்டும். அவருடைய பாகக் கணக்கும் திரையின் மீட்டர்க் கணக்கும் ஒத்துவர வேண்டும். ஒரு பாகம் என்பது ஏறத்தாழ 1.8 மீட்டர். ஒத்துவந்தால் கரை திரும்பிப் பிசினை ஊற்றலாம். ஒத்துவராவிட்டால் ஒலிமாற்றியை ஒரு சாண் நகர்த்தி வைத்து, மறுநாள் மீண்டும் அதே பாருக்குச் செல்ல வேண்டியதுதான்.